மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுத்த டயர்

எங்கள் வீட்டு டிராக்டரின் பின் டயர் நான் காலேஜில் சேர்ந்த வருஷம் வாங்கியது. என் மகள் அக்ஷயாவின் கல்யாணத்துக்கு வாழைமரம் ஏற்றிக்கொண்டு வந்ததும் அதே டயர்தான். நடுவில் மேல் ரப்பரை மட்டும் மாற்றி ரீட்ரெட் போட்டிருக்கிறோம், இல்லையென்று சொல்லவில்லை. பொருளை வைத்துக்கொள்ளத் தெரிந்தவன் கையில் டயர் நன்றாகவே உழைக்கும் மேடம். டயர் விஷயத்தில் நான் அவசரப்படுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

என் பெயர் பொங்கியண்ணன். கணபதியில் சின்னதாக ஒரு பவுண்டரி வைத்திருக்கிறேன். பம்ப்செட்டுக்கு வேண்டிய இரும்பு வார்ப்புகள் செய்கிறோம். இந்த ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்தேன், யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. என் மாப்பிள்ளை காரின் டயர்களைத் திரும்பக் கேட்க வந்தேன். இன்ஸ்பெக்டர் மௌனிகா மேடம், நீங்கள்தான் எதற்கு என்று கேட்டீர்கள். நான் சொன்னதைக் கேட்டதும் கதவைச் சாத்தச் சொன்னீர்கள். டீ வாங்கிக் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. முதலிலிருந்து சொல்லச் சொன்னதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

மாப்பிள்ளை உதய்க்குப் பீளமேட்டில் ஐடி கம்பெனியில் வேலை. அப்பா அம்மா அவருடைய சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் அவருடைய பெரியம்மா பாவாத்தாள்தான் எடுத்து வளர்த்தார். உதய் குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், என் மகளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் காரை எடுத்துக்கொண்டு ட்ராக்குக்குப் போய்விடுவார். அன்னூர் போகிற வழியில், மூடிப்போன ஒரு மில்லின் இடத்தில் போட்ட ட்ராக். ஐடி பையன்கள், டாக்டர்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லாம் சொந்தக் காரைக் கொண்டுவந்து, காசு கட்டி, ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். பரிசு கிடையாது. கிளம்பின இடத்துக்கே திரும்பி வர இத்தனை வேகம் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "சும்மா ஒரு ஆசைங்க மாமா" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையைக் குறுக்கே கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு என்ன சீர் வேண்டும் என்று அக்ஷயாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். மோதிரமாக இருக்கும், இல்லை வாட்ச்சாக இருக்கும் என்று என் மனைவி குழந்தையம்மாள் சொன்னாள். அவர் கேட்டது நான்கு டயர். எனக்கு ஒரு விதத்தில் சந்தோஷம்தான். தங்கம் எல்லாரும் கொடுக்கிறார்கள், அதில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. டயர் என்றால் பார்த்து வாங்க வேண்டும்.

சத்தி ரோட்டில் டயர்க் கடை வைத்திருக்கும் அப்துல் வஹீது பாய் எனக்கு ரொம்ப நாள் பழக்கம். கடை கடையாக ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் அவரிடம்தான் போனேன். டயரின் பக்கவாட்டில் ஒரு எண் அச்சடித்திருக்கும் மேடம். எண் சின்னதாக இருந்தால் ரப்பர் மெத்து. ரோட்டை நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். எண் பெரிதாக இருந்தால் ரப்பர் கெட்டி. இருப்பதிலேயே பெரிய எண் எது என்று கேட்டேன்.

"அது கால் டாக்ஸிக்குப் போடறதுங்க. ட்ராக்குக்கு ஆகாதுங்க" என்றார்.

"தேயுமுங்களா?"

"தேயாதுங்க. ஆனா வளைவுல நிக்காது. புடிக்கற டயரு தேயுமுங்க, தேயாத டயரு புடிக்காது. ரெண்டையும் ஒரே டயர்ல கேட்டா நான் எங்கீங்க போறது?"

பிறகு அவரே நடுத்தரமாக ஒன்றை எடுத்துக் காட்டினார். விலையும் தாங்கும்படியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ட்ராக்கில் ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை அதே டயரில் ஆபீசுக்கும் போகலாம் என்றார். காற்றைச் சரியாக வைத்து, முன் டயரையும் பின் டயரையும் மாற்றி மாற்றிப் போட்டு, பதமாக ஓட்டினால் ஒரு வருஷம் வரும் என்றும் சொன்னார். அந்தப் பதமாக ஓட்டினால் என்ற வார்த்தையை நான் சரியாகக் கவனித்திருக்க வேண்டும்.

தீபாவளியன்று நான்கு டயருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, தட்டில் அடங்காததால் பாயில் அடுக்கி, மேலே வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தோம். உதய் என் காலில் விழுந்து வாங்கிக்கொண்டார். மார்கழி முடிவதற்குள் நான்கும் மொட்டையாகிவிட்டன. ஓடின தூரம் ஒன்றும் பெரிதில்லை. வளைவில் திருப்பும்போதும், வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தும்போதும் தேய்ந்ததுதான் எல்லாம். டயரில் காற்றைப் பாருங்கள், கொஞ்சம் ஆற வைத்து ஓட்டுங்கள் என்று நான் சொல்லாத நாள் இல்லை. "சரிங்க மாமா" என்பார். சரி என்று சொல்கிறவரிடம் மேற்கொண்டு என்ன பேச முடியும்?

பொங்கலுக்குப் பாவாத்தாள் அம்மா ஈரோட்டிலிருந்து உறவுக்காரர்களோடு வந்திருந்தார். கிளம்பும்போது காரில் ஏறப் போனவர் குனிந்து டயரைப் பார்த்தார். மஞ்சள் கிழங்கைத் தொட்டே தரம் சொல்கிற கை அது. டயர் மேல் விரலை ஓட்டினார்.

"ஏனுங்க சம்பந்தி, பழைய டயரைக் கழுவிச் சீர் வெச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. பழைய பாத்திரத்துக்கு ஈயம் பூசிச் சீர் வைத்த ஒருவரைப் பற்றி எங்கள் ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள். அவர் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அவருடைய பேரன்களுக்கே ஈயப்பூச்சு என்றுதான் பெயர். இனி என்னை டயர் என்று சொல்லித்தான் பேசுவார்கள். உதய் உடனே, "இல்லீங்க பெரிம்மா, புது டயர்தாங்க, நாந்தான் ஓட்டித் தேச்சுப்போட்டேன்" என்றார். மாமனாரைக் காப்பாற்ற மாப்பிள்ளை சொல்கிறார் என்று அதற்கும் சிரித்தார்கள். நான் புதிதாகவே இன்னொரு செட் வாங்கித் தருகிறேன், அடுத்த முறை வந்து பாருங்கள் என்று சொன்னேன். "மாசியில ஒரு கல்யாணத்துக்கு வாரேனுங்க. கல்யாணம் முடிஞ்ச திங்கக்கிழமை காலைல வந்து பாத்துப்போடறேன்" என்றார் பாவாத்தாள் அம்மா. அவர் விளையாட்டாகச் சொன்னார் என்று குழந்தையம்மாள் சொல்கிறாள். சீர் விஷயத்தில் விளையாட்டு ஏது?

இரண்டாவது செட்டும் வஹீது பாயிடமே வாங்கினேன். அந்தத் திங்கட்கிழமை வரைக்கும் அதைப் பவுண்டரி ஆபீசில் கோணிச் சாக்குப் போட்டு மூடி வைப்பது என்று முடிவு செய்திருந்தேன். அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை ட்ராக்கில் ஓட்ட உதய் காசு கட்டியிருந்தார். புது டயர் இன்னும் வந்து சேரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை, பழைய டயரிலேயே ஓட்டிக்கொள்கிறேன் என்றார் அவர். அதற்கு நானும் சரி என்றுவிட்டேன். ஆனால் அக்ஷயா ஒரு வேலையாகப் பவுண்டரிக்கு வந்தவள், சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். "மொட்டை டயர்ல போயி வழுக்கிக் கிழுக்கி உட்டா என்னங்கப்பா பண்றது?" என்று என்னிடம் சத்தம் போட்டுவிட்டு, அன்றைக்கே புது டயரைக் காரில் மாட்டச் சொல்லிவிட்டாள்.

என் நிலைமையைப் பாருங்கள் மேடம். திங்கட்கிழமை காலையில் அந்த டயர் புதிதாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாப்பிள்ளை அதைத் தேய்க்கப் போகிறார். போகாதீர்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்வது மரியாதை இல்லை. கார் சாவியை ஒளித்து வைக்கலாம் என்று குழந்தையம்மாள் சொன்னாள். அது இன்னும் மரியாதைக் குறைவு. டயரை மாற்ற முடியாது, மாப்பிள்ளையையும் மாற்ற முடியாது. மிச்சம் இருந்தது ட்ராக் மட்டும்தான்.

பவுண்டரிக்காரனுக்கு இது தோன்றாமல் இருக்காது. இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றுகிறோம். அச்சின் உள்பக்கம் கிராபைட்டைக் கரைத்துப் பூசுகிறோம். பென்சில் முனையில் இருக்கும் அதே கருப்புத் தூள்தான். அதைப் பூசிவிட்டால் கொதிக்கிற இரும்பு கூட மண்ணைப் பிடிக்காது, வழவழவென்று கழன்று வந்துவிடும். இரும்பே பிடிக்காத இடத்தில் ரப்பர் எப்படிப் பிடிக்கும்? பிடிக்காவிட்டால் எப்படித் தேயும்? வஹீது பாய் சொன்னதைத்தான் நான் கொஞ்சம் திருப்பிப் போட்டேன். தவிர, தார் ரோடும் கருப்பு, கிராபைட்டும் கருப்பு. பார்வைக்கு அசிங்கமாக இருக்காது.

சோதித்துப் பார்க்காமல் நான் எதையும் செய்வதில்லை. பவுண்டரிக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் கொஞ்ச இடத்துக்குப் பூசிக் காயவிட்டேன். எங்களிடம் மோல்டிங் வேலை பார்க்கும் மாசாணத்தைக் கூப்பிட்டு, மொபெட்டில் வேகமாக வந்து அந்த இடத்தில் பிரேக் பிடிக்கச் சொன்னேன்.

"இதுல புடிச்சா உழுந்துருவனாட்ட இருக்குதுங்களே" என்றார் மாசாணம்.

"பாத்துப் புடி மாசாணம், ஒண்ணும் ஆகாது" என்றேன்.

மொபெட் நிற்கவில்லை. தரையைத் தாண்டி, மண் குவியலைத் தாண்டி, சுவரோரம் போய்ச் சாய்ந்தது. மாசாணத்துக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆட்டோவில் போகும்போது, "வண்டி நிக்கவே இல்லீங்களே, நிக்கவே இல்லீங்களே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். திரும்பி வந்து மொபெட்டின் டயரைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சோதனை எனக்குத் திருப்தியாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம், நல்ல வெயிலில், எல்லாரும் பார்க்கத்தான் ட்ராக்குக்குப் போனேன். பருத்திக்கு மருந்தடிக்க முதுகில் மாட்டுகிற தெளிப்பான் ஒன்று தோட்டத்தில் இருந்தது. அதில் கிராபைட் கரைசலை ஊற்றி எடுத்துப் போனேன். ட்ராக் வாட்ச்மேன், "மருந்துங்களா?" என்று கேட்டார். "மருந்துதாங்க, தேயாம இருக்க" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. ரோட்டுக்கு நல்லது செய்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டு, தண்ணீர் கூட மொண்டு வந்து ஊற்றினார். நேராக இருக்கும் ரோட்டை நான் தொடவே இல்லை. அங்கே தேய்மானம் குறைவு, சும்மா அடித்து வீணாக்குவானேன்? வளைவுகளில் அடித்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக் பிடிக்கும் இடத்தில் இரண்டு பூச்சாக அடித்தேன். மாசி மாத வெயிலுக்குச் சீக்கிரமே காய்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் உதய்யோடு போனேன். அதற்கு முன்னால் நான் அங்கே அவரோடு போனதில்லை. அவருக்கு அத்தனை சந்தோஷம். மாமாவே வந்துவிட்டார் என்று எல்லாரிடமும் கூட்டிப் போய்க் காட்டினார். எனக்கும் மனசுக்கு நிறைவாக இருந்தது. நடத்துகிறவர்களிடம் போய், எங்கள் மாப்பிள்ளையை முதலில் விடுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன். ஏன் கேட்டேன் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வண்டிகள் போகப் போகக் கிராபைட் கரைந்துவிடும் மேடம். முதலில் போகிறவருக்குத்தான் பூச்சு முழுசாகக் கிடைக்கும். என் சொந்த மாப்பிள்ளை இருக்க, அடுத்தவர் டயருக்காகவா நான் வெயிலில் நின்று அடித்தேன்?

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாரேனுங்க மாமா" என்றார்.

நேர் ரோட்டில் நல்ல வேகம். முதல் வளைவு வந்தது. கார் திரும்பவில்லை, போன திசையிலேயே போனது. மற்ற நாட்களில் அந்த இடத்தில் டயர் கத்துமாம். டயர் கத்தினால் தேய்கிறது என்று அர்த்தம், வஹீது பாய் சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சத்தமே இல்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது, மறைக்க என்ன இருக்கிறது. அதற்குப் பிறகு கார் மில்லின் பழைய குடோன் சுவரில் மோதியது. அந்தக் காலத்துக் கருங்கல் சுவர்.

ஆம்புலன்ஸ் உடனே கிளம்பியது, அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. அதே வளைவில் அரைவட்டம் சுற்றிவிட்டுப் பக்கத்துச் சோளக்காட்டில் போய் நின்றது. அதை இழுக்கப் போன ஜீப்பும் அதற்குப் பக்கத்திலேயே போய் நின்றது. காரோட்ட வந்திருந்த டாக்டர் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார், விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கடைசியில் எல்லாருமாகச் சோளக்காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். முதலில் நான் மாப்பிள்ளையைத்தான் பார்த்தேன், டயரைப் பார்க்கவில்லை. தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள். மாப்ள, மாப்ள என்று கூப்பிட்டேன். டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்று தலையை ஆட்டினார். நானும் அழுதேன். நல்ல பிள்ளை மேடம், இப்படி ஒரு மாப்பிள்ளை தேடினாலும் கிடைக்காது. அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்கும்போதுதான் குனிந்து டயரைப் பார்த்தேன். காரின் முன்பக்கம் முழுக்க நசுங்கிக் கிடந்தது. டயர் நான்கும் கடையில் வாங்கினபடியே இருந்தன. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்ததை யாரோ அக்ஷயாவிடம் சொல்லிவிட்டார்கள். அவள் இன்னும் என்னிடம் பேசவில்லை. இதையெல்லாம் புரிந்துகொள்கிற நிலைமையில் இப்போது அவள் இல்லை.

பாவாத்தாள் அம்மா சொன்னபடியே திங்கட்கிழமை காலையில் வந்துவிட்டார். எழவு வீட்டுக்குத்தான் வந்தார் என்றாலும், வந்தது சொன்ன நாளில்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கதறினார். ஆளாக்கிய பிள்ளை அல்லவா. கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்து, "டயர் புதுசுதானுங்க, ஒரு எட்டு வந்து பாத்துப்போடுங்க" என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சம்பந்திக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு, யாராவது தண்ணி குடுங்க" என்றார். எனக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது. காரை நீங்கள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டதால் கையோடு காட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

வண்டி நிற்காது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். கடையில் வஹீது பாய் சொன்னபோதே தெரியும், மாசாணம் விழுந்தபோது கண்ணாலும் பார்த்தேன். தெரிந்தேதான் அடித்தேன், தெரிந்தேதான் மாப்பிள்ளையை முதலில் விடச் சொன்னேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சத்தியமாக, அவரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. என் நினைப்பு முழுக்க டயர் மேல் இருந்தது.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். காரியம் முடிந்ததும் பாவாத்தாள் அம்மா ஈரோட்டுக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் அவர் கையில் தொட்டுப் பார்க்கிறபடி டயரைக் கொடுங்கள். வழக்குக்கு வேண்டுமென்றால் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றைக் கொடுத்தாலும் போதும். வழக்கு முடிந்ததும் அந்த ஒன்றையும் மறக்காமல் கொடுத்துவிட வேண்டும், டயரைச் செட்டாக வைத்திருந்தால்தான் மதிப்பு. வெயில் படாமல், சாக்குப் போட்டு மூடி வைத்தால் சில வருஷம் கெடாமல் இருக்கும் என்று வஹீது பாய் சொல்லியிருக்கிறார். அக்ஷயாவுக்கு இன்னும் சின்ன வயதுதான், அதற்குள் இன்னொரு மாப்பிள்ளை வராமலா போய்விடுவார்?